பற்றறியில் பதினொரு நிமிசம்

மோர்னிங்சைட்
29.03.2022

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுறன். கடிதத்தைக் கண்டு யோசிக்க வேண்டாம். உங்கட தம்பி என்ர செல்போனைப் பறிச்சு அலுமாரியில வைச்சுப் பூட்டி மூண்டு கிழமை. வேலையிடத்துச் சினேகிதி ஷாமிலாவோட கதைச்சதை, ஆரோ ஆம்பிளையோட கதைச்சன் எண்டு சொல்லி, குசினிக் கதவில என்ர தலையை இடிச்சார். ஜெசிகா மேசைக்குக் கீழ இருந்து பாத்தவள். எங்கட ஒன்பது வயசு மகள் பாக்கிற காட்சியே இது.

இப்ப எனக்கு இருக்கிறது வீட்டு ரெலிபோன் மட்டும்தான். பில்லைப் பாப்பார் எண்டு அதில மனம் விட்டுக் கதைக்கேலாது. அதையும் போன மாசம் டிஜிற்றல் ஆக்கிப்போட்டாங்கள். பழைய லைன் மாதிரி இல்லை, வீட்டுக்குக் கீழ பேஸ்மென்றில இருக்கிற மோடத்தில இருந்துதான் வருது. மோடம் பூட்ட வந்த கொம்பனிக்காரர், கரண்ட் நிண்டால் போனும் நிண்டிடும், அவசரத்துக்குப் பொலிசைக் கூப்பிடுற 911க்கும் எடுக்கேலாது, பற்றறிப் பெட்டி ஒண்டு வாங்கி மோடத்தை அதில கொழுவச் சொன்னவர். நான் வாங்கினால் ரசீதைத் தேடிப் பாப்பார். நீங்கள் ஒண்டு வாங்கித் தருவீங்களோ?

பதிலை வீட்டுக்குப் போடாதேங்கோ. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக்குப் போட்டால் கைக்கு வரும்.

உங்கட அன்பு மச்சாள்,
றீற்றா


விட்பி
08.04.2022

அன்பின் றீற்றாவுக்கு,

உம்மட கடிதம் வாசிச்ச நேரம் தொட்டு மனம் சரியில்லை. தம்பி றோய் முன்கோபக்காரன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எங்கட அப்பா பெல்ற்றால அடிச்சு வளத்தவர். கூட அடி வாங்கினது அவன். எத்தினையோ நாள் அவனை என்ர பாவாடைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கிறன். அதை நினைச்சுக் கொஞ்சம் பொறும். நீரும் அவன் கோவமாய் நிக்கேக்க வாய் குடுக்காதையும்.

பெட்டி வாங்கிட்டன். ஈஸ்ரருக்கு வரேக்க கொண்டு வாறன். கிரிக்கெற் பாக்கேக்க இன்ரநெற் நிக்காமல் இருக்க எண்டு அவனுக்குச் சொல்லுவன்.

ஆனால் ஒண்டு. ஏதும் நடந்தால் முதல் எனக்கு எடும். 911க்கு எடுக்காதையும். பொலிஸ் வந்தால் அவன்ர வேலை போகும், பிள்ளையையும் விசாரிக்க வெளிக்கிடுவாங்கள். நான் கதைச்சு ஆத்துறன். என்ர சொல்லை அவன் தட்டமாட்டான்.

அன்புடன்,
கிளடிஸ்


மோர்னிங்சைட்
26.04.2022

அன்புள்ள மச்சாளுக்கு,

பெட்டியை அவரே கீழ கொண்டுபோய் மோடத்தோட பூட்டினவர். அக்கா வாங்கித் தந்தது எண்டு சந்தோசம். அவர் வேலைக்குப் போன நேரம் மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் பாத்தன். மேல இருக்கிற வயரில்லாத கோட்லெஸ் ரெலிபோன் செத்துப் போச்சு, அதுக்குத் தனியாய்க் கரண்ட் வேணுமாம். பழைய வயர் ரெலிபோன் ஒண்டு கிடந்தது. மோடத்துக்குப் பின்னால கொழுவிக் காதில வைச்சன், சத்தம் கேட்டுது. எவ்வளவு நிம்மதியாய் இருந்தது தெரியுமே. அதை அங்கயே, பழைய உடுப்புப் பெட்டிக்குப் பின்னால வைச்சிருக்கிறன்.

நேற்று சோறு குழைஞ்சு போச்சு எண்டு பானையோட எறிஞ்சார். தோள் கொப்புளிச்சுப் போய்க் கிடக்கு. அயலில கேட்டவைக்கு, வேலையில சுடுதண்ணி ஊத்துப்பட்டது எண்டு சொன்னன்.

நீங்கள் சொன்னபடி உங்களுக்குத்தான் முதல் எடுப்பன்.

அன்பு மச்சாள்,
றீற்றா


விட்பி
05.06.2022

அன்பின் றீற்றாவுக்கு,

இதை உம்மைப் பாக்கிற சமூகசேவைப் பிள்ளையிட்டைக் குடுத்து விடுறன். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் வந்து வாசலோட திரும்பிப் போனன்.

அண்டைக்குச் சனிக்கிழமை புயலில இங்கயும் கரண்ட் நிண்டது. மத்தியானம் ஒண்டரை மணிக்கு என்ர செல் அடிச்சுது. "மச்சாள், மரம் முறிஞ்சு காருக்கு மேல விழுந்திட்டுது. காரை வெளியில விடச் சொன்னது நானெண்டு சுத்தியலோட வாறார். பேஸ்மென்றில பூட்டிக்கொண்டு நிக்கிறன். ஜெசிகா சினேகிதி வீட்டில" எண்டீர். நான் என்ன சொன்னன்? "போனை அவனிட்டைக் குடும்" எண்டன்.

கதவு உடையிற சத்தம் கேட்டுது. "கரண்ட் இல்லை, ஆரோடயடி கதைக்கிறாய்?" எண்டு கேட்டான். நான் "தம்பி, தம்பி" எண்டு கத்தினன். அவன் றிசீவரை எடுத்தான். கோவமே இல்லாத குரலில, "அக்கா, நீங்கள் வையுங்கோ, இது எங்கட வீட்டு விசயம்" எண்டான். பிறகு அதைக் கீழ போட்டிட்டு உம்மட்டை வந்தான்.

நான் எல்லாம் கேட்டன், றீற்றா. சுத்தியல் சுவரில படுற சத்தம் ஒரு மாதிரி. உம்மில படுற சத்தம் வேற மாதிரி. நீர் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்.

உடனே 911க்கு எடுத்தன் எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறன். அது பொய். உம்மட அழைப்பு பதினொரு நிமிசம் எண்டு என்ர செல்லில நிக்குது. இப்ப நிப்பாட்டுவான், இப்ப நிப்பாட்டுவான் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தன். உம்மட சத்தம் நிண்ட பிறகுதான் அழைப்பை வெட்டிப்போட்டு 911ஐ அமத்தினன்.

இதைச் சொல்லாமல் இருக்கேலாமல் போச்சு. என்னை மன்னிப்பீரோ?

கிளடிஸ்


24.06.2022

கிளடிஸ் அக்காவுக்கு,

இடது கையால எழுதுறன், எழுத்துக் கோணல்தான். தலையில அடி விழாமல் வலது கையைக் குடுத்தபடியால் ரெண்டு விரல் இனி மடங்காது. தாடைக் கம்பியை நேற்றுக் கழட்டினவை. இடது காது கேளாது.

உங்கட கடிதத்தை மூண்டு நாள் வைச்சிருந்து வாசிச்சன். நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிராது. பொலிஸ் இன்னும் அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தால் நான் இல்லையெண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள்தான் காப்பாத்தினது எண்டு நினைச்சு, அண்டையில இருந்து உங்களுக்காண்டி ஒவ்வொரு நாளும் செபம் சொன்னனான். இப்ப செபம் சொல்லத் தொடங்கினால் அந்த நிமிசங்களை எண்ணத் தொடங்கிடுறன்.

என்னட்டை மன்னிப்புக் கேக்க முதல் பொலிசிட்டைத் திரும்பப் போங்கோ. எனக்கு எழுதினதை அவைக்கும் சொல்லுங்கோ. உங்கட தம்பி சொன்ன அந்தச் சொல்லையும், அவர் சொன்ன குரலையும் வழக்கு வரேக்க கோட்டில சொல்லுங்கோ. அதைக் கேட்ட ஆள் நீங்கள் மட்டும்தான். எனக்கு ஞாபகம் இல்லை.

ஜெசிகா "மாமி எங்க" எண்டு கேக்கிறாள். நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லப்போறதும் இல்லை. நீங்கள் பொலிசுக்குப் போய்வந்த பிறகு சமூகசேவைப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. வாற சனிக்கிழமைகளில ஒண்டில, வெக்ஸ்போர்ட்டில லைப்ரரி வாசலுக்குக் காலமை பத்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். ஏதாவது வாங்கிக் குடுத்து, அஞ்சு மணிக்கு அங்கயே கொண்டுவந்து விடுங்கோ. அப்பா எங்க எண்டு கேட்டால், சிறையில எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ.

அவளை வாசலில விட்டிட்டு நான் ரோட்டுக்கு மற்றப் பக்கம் நிப்பன். கடந்து வராதேங்கோ. இப்போதைக்கு வேண்டாம்.

றீற்றா