உப்புக் கை

காதரு, என் மாப்ளே,

நீ இல்லாமல் வந்திருக்கும் முதல் பக்ரீத் இது. பேகம்பூரில் உன் தோல் மண்டியில் ஆட்டுத்தோல்கள் வந்து இறங்கிவிட்டன. அவை கெடாமலிருக்க உன் மருமகன் ரஹீம் உப்புத் தடவிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி, உன் மூத்தவள் ஜமீலா, நிறைமாதமாக இருக்கிறாள்.

உன் இளைய மகள் பிறந்த நாள்தான் நினைவில் ஓடுகிறது. துணி உரசினாலே அவளுக்குத் தோல் உரிந்தது. நீ ஆஸ்பத்திரி வராந்தாவைத் தாண்டவில்லை.

"உள்ள வந்து தூக்குடா" என்றேன்.

"வேணாம்டா மாப்ளே. உப்புல ஊறுன கை. புள்ளைக்கு எரிஞ்சிரும்."

திரும்பத் திரும்பக் கை கழுவினாய். அவள் மூச்சு அடங்கும்வரை தொடவே இல்லை. தோல் விற்ற பாவம் தோலிலேயே வந்துவிட்டது என்று தெருவில் யாரோ சொன்னதைக் கடைசிவரை நம்பினாய். ஒருமுறையாவது தூக்கியிருக்கக் கூடாதா?

போன வாரம் ரஹீம் கேட்டான்: "மாமா, புள்ள பொறக்குறதுக்குள்ள மண்டிய மூடிரவா? எங் கையாலயும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு."

என் பத்திரிகைச் செய்திக்காக நான் சந்தித்த ஓர் ஆய்வாளர் சொன்னதை அவனிடம் சொன்னேன். கருவிலேயே தோலை நீர் கசியாத காப்பாக மூடச்சொல்லி உத்தரவிடும் மரபணுக்கள் உண்டு. ஈ, எலி, மனிதர் எல்லாரிடமும் அந்த மரபணுக் குடும்பம் இருக்கிறது. பின்னால் காயம் பட்டால், அதை மூடும் வேலையிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அவற்றில் ஒன்று பழுதான எலிக்குட்டி, காப்பில்லாத தோலோடு பிறந்து உடனே இறந்துவிடுகிறது.

"அந்த எலிக்குட்டியோட அத்தாவும் தோல் மண்டியா வச்சிருந்துச்சு, மாமா?" என்று ஜமீலா சிரித்தாள். பாதியிலேயே அழுதுவிட்டாள்.

உன் குழந்தைக்குப் பழுதானது எந்த மரபணு என்று எனக்குத் தெரியாது. அன்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் அந்தப் பழுதோடுதான் அவள் பிறந்தாள். உன் கை எதுவும் செய்யவில்லை, மாப்ளே. இதை இப்போது உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

ஜமீலாவை மதுரைக்குக் கூட்டிப்போய் மரபணுப் பரிசோதனை செய்தோம். முடிவு இன்னும் வரவில்லை. எதுவாக வந்தாலும், பிரசவத்தன்று நான் அங்கே இருப்பேன். எப்படித் தூக்கினால் வலிக்காது என்று நர்ஸிடம் கேட்டு, பிள்ளையை முதலில் ரஹீமின் கையில் வைக்கச் சொல்வேன். அவனை வராந்தாவில் நிற்க விடமாட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு மாமனாக மிச்சமிருக்கும்,
கதிரேசன்