பூட்டி வைத்த கரண்டி

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். மாநாட்டில் கைதட்டல் ஓய்ந்ததும் இதைப் படியுங்கள்.

'இரும்பே கலக்காத காந்தத்தைக் கண்டவர்' என்று செய்தித்தாளில் உங்கள் படம் வந்திருக்கிறது. சோதனைக் குழாயும் கையுமாக நிற்கிறீர்கள். குழாய் கழுவிப் பத்து வருடமாகிறது, படம் பிடிக்க மட்டும் கை நீள்கிறதே!

உங்கள் ஆராய்ச்சி மாணவி விஷயத்துக்கு வருகிறேன். அறைச் சூட்டிலேயே காந்தம் என்று நீங்கள் கட்டுரை எழுதிய அந்தப் பொடியை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்பச் செய்கிறாள். கடும் குளிரில் காந்தமாக இருப்பது, அறைச் சூட்டுக்கு வந்ததும் வெறும் பொடியாகிவிடுகிறது. "அவளுக்குக் கைராசி இல்லை, அடுத்த மாதம் ஆராய்ச்சிப் பதிவிலிருந்து பெயரை நீக்கிடலாம்" என்று போனில் சொன்னீர்கள். கைராசி! வேதியியல் பேராசிரியர் பேசுகிற பேச்சா இது?

வியாழக்கிழமை உங்கள் பழைய குறிப்பேட்டை விரித்து, நானும் அவளும் ஆய்வகத்தில் படிப்படியாகச் செய்தோம். குழாயின் அடியில் ஒட்டுவதை அவள் பிளாஸ்டிக் கரண்டியால் எடுப்பாள். நீங்கள் எஃகுக் கரண்டியால் சுரண்டியிருக்கிறீர்கள். அந்தக் கரண்டியைத் தேடினேன். நீங்கள் பூட்டி வைத்திருந்த இழுப்பறையில், முனை தேய்ந்து, காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. அந்தக் கரண்டியால் சுரண்டியதும் பொடி அறைச் சூட்டிலேயே காந்தமானது. வேறொரு குழாயில் சர்க்கரையைப் போட்டுச் சுரண்டினேன். சர்க்கரையும் காந்தமானது. அதற்கும் ஒரு விருது வாங்கி வாருங்கள்.

அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். கரண்டியிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூளுக்காக மூன்று வருடம் போயிருக்கிறது அவளுக்கு.

தவறு யாருக்கும் வரும். ஆனால் தெரியாமல் செய்த தவறை யாரும் இழுப்பறையில் பூட்டி வைப்பதில்லை. மாற்றுச் சாவி என்னிடம் இருப்பதையும் மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் உங்கள் சாமர்த்தியம்.

அந்தக் கட்டுரைக்குக் காந்த அளவுகளை எடுத்தவள் நான், என் பெயரும் அதில் இருக்கிறது. அன்றே சந்தேகப்பட்டுக் கேட்டேன். "உனக்கு என்ன தெரியும்?" என்றீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் உங்களைவிட என் மேல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதக் கடைசிக்குள் நீங்கள் போடாவிட்டால் என் பெயரோடு மட்டும் போகும். அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இருபது வருடமாக உங்களைப் பெரிய மனிதர் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள். நல்ல புத்தியோடு வீடு வந்து சேருங்கள்.

இன்னும் உங்கள் மனைவி