பூத்தில் நான் சொன்ன ‘ம்’

அன்புள்ள ராஜ் அண்ணா,

மெழுகுவத்தியோடு வர வேண்டியவள் காகிதத்தோடு வருகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு நேரில் பேச வாய் வராது என்று உனக்குத் தெரியுமே.

நான் பி.எஸ்சி. முடித்துவிட்டேன். நம் வீட்டின் முதல் பட்டம், உன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அம்மா மாப்பிள்ளை பார்க்கிறாள். தவக்காலம் தொடங்குமுன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமாம். ஆனால் உனக்கு சேகர் அண்ணன் இருந்த மாதிரி எனக்கு வசந்தி இருக்கிறாள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமைகளில் துபாயிலிருந்து கடைத்தெரு பூத்துக்குப் போன் செய்வாய். ஒருமுறை சொன்னாய்: "சேகர் இல்லாம நான் இல்ல பாப்பா. கல்யாணம்னாலே மூச்சு முட்டுது. குடிச்சாத்தான் தூக்கம் வருது."

பக்கத்தில் அம்மா. பின்னால் வரிசையில் பாதி ஊர். ஊருக்கு நாம் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நம் வேதக்காரர்களுக்குத் தெரிந்தால் நீ யார்? நான் "ம்" என்றேன்.

"என்னடி சொல்றான்?"

"சாப்ட்டானாம்மா."

கல்யாணத்துக்கென்று ஊர் வந்தபோது காலையிலேயே குடித்தாய். அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். சேகர் அண்ணன்தான் உன்னைத் தஞ்சாவூரில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்து கேட்டது, கொஞ்சநாள் சிரித்தாய்கூட. கோவிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த ஞாயிறோடு மருந்தை விட்டுவிட்டாய். ஈரல் கெட்டு, கல்யாணம் நடக்காமலே போன உன்னை, மஞ்சள் காமாலை என்று சொல்லி அடக்கம் செய்தோம். "எம்புள்ளைக்கு ஊத்திக் குடுத்தவனே, போடா!" என்று சேகர் அண்ணனைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே அம்மா விரட்டினாள். அவர் குடிக்கவே மாட்டார் என்று யார் சொல்வது?

இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் ஐப்பசி மழை. சுண்ணாம்பு நிற்காது என்று தெரிந்தும் வாளியோடு போனோம். ஒவ்வொரு வருடமும் போலவே, புல் செதுக்கி உன் கல்லறைக்கு ஏற்கெனவே வெள்ளையடித்திருந்தது. சிலுவைக்குப் பின்னால், கையில் சுண்ணாம்பு மட்டையோடு சேகர் அண்ணன்.

"வருசா வருசம் நீதானா?"

"ஆமாம்மா. நீங்க வர்றதுக்குள்ள போயிருவேன். இன்னைக்குத் திருவையாத்து பஸ் லேட்டு."

"குடிச்சிருக்கியா?"

"பழக்கமே இல்லம்மா. வேணும்னா கிட்ட வந்து பாருங்க."

அம்மா நிஜமாகவே கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"அப்ப எதுக்குய்யா எம்புள்ள குடிச்சான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தூறல் விழுந்தது. அம்மா குடையை விரித்து, பாதியை அவர் பக்கம் சாய்த்தாள்.

அந்தப் பாதிக் குடையை நம்பித்தான் எழுதுகிறேன் அண்ணா. எனக்கும் இப்போது மாத்திரை போட்டால்தான் தூக்கம் வருகிறது. அதனால் தள்ளிப்போட மாட்டேன். சென்னைக்குத் திரும்பியதும் டாக்டரிடம் போகிறேன், வசந்தியும் கூட வருவாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்வேன். உன்னைப் பற்றியும், என்னைப் பற்றியும். இது சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கும் என் வாயில் ‘ம்’ மட்டும் வந்தால், மீதியை நீ அம்மா காதில் சொல்லிவிடு.

உன் பாப்பா,
சகாயமேரி