மொட்டைப் பனைப் பருந்து

ஆடி 3, ஞாயிறு
பேய்க் காற்று. அரியலூர் முழுக்கச் சிமெண்டுத் தூசி, சோற்றிலும்.

வாங்க: மண்ணெண்ணெய், பிளேடு, தனத்துக்கு முட்டித் தைலம்.

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் அந்தோணியோடு வாக்குவாதம். பருந்து கெட்டியா, ஆந்தை கெட்டியா? ஷெட் கூரையில் ஓர் ஆந்தை குடியிருக்கிறது, அதில் வந்த பேச்சு. "பருந்து எங்க, இந்த முழிச்ச மூஞ்சி எங்க? போய்யா" என்றான். எனக்குச் சந்தேகம். சோதித்துப் பார்த்துவிடுவது.

குவார்ட்டர்ஸ் கொல்லைச் சுவரில் மீன் தலை வைத்தேன். பீடி பற்றவைப்பதற்குள் காணோம். என் தலையை உரசினாற்போல் பருந்து வந்து, உட்காராமலே, காலால் ஒரே அள்ளு. அவ்வளவு உயரத்திலிருந்து எப்படித் தெரிந்தது? கண்ணில் ஜெயம் பருந்துக்கு.

ஆடி 4, திங்கள்
விளக்கு வைக்கும் நேரம், ஷெட்டில். சாக்குக்குள் கை விட்டு நகத்தால் சுரண்டினேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆந்தையின் தலை மட்டும் என் பக்கம் திரும்பியது, உடம்பு அப்படியே. பறந்தபோது இறக்கைச் சத்தமே இல்லை. காது, ஆந்தைக்கு.

காதில் நானும் சளைத்தவனில்லை. வருவது டீசலா கரி வண்டியா, கண்ணில் படுமுன் சொல்வேன். கண்தான் பிரச்சினை. இன்று சிக்னல் கைகாட்டி இறங்கியதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. வியாழன் திருச்சியில் கண் டெஸ்ட். தேறாவிட்டால் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை போச்சு. ஆபீசில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான். வீட்டில் தனத்திடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

ஆடி 5, செவ்வாய்
தைலம் மறந்தாச்சு. திட்டு.

கொல்லைக்குப் பின்னால் மொட்டைப் பனை உச்சியில் பருந்து. காலையில் பார்த்த இடத்திலேயே சாயங்காலமும். இந்தக் காற்றில்! அவ்வப்போது இறக்கை மட்டும் லேசாக விரிகிறது. ஆந்தையால் முடியுமா? காக்காய் துரத்தினால் மூலைக்கு மூலை ஓடுகிறது. பொறுமையும் பருந்துக்கே. அந்தோணி ஜெயித்துவிடுவான் போல.

ஆடி 6, புதன்
பருந்து அங்கேயே. மறுபடி மீன் தலை. இறங்கவில்லை. காக்காய் தூக்கிப் போனது, பருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு நிறைந்திருக்குமோ? உடம்புக்கு ஏதாவதா?

துணி காயப்போட வந்த தனத்தைக் கூப்பிட்டேன். "பாரேன், ரெண்டு நாளா அசையாம இருக்கு."

"எதுங்க?"

"பருந்து. பனை மேல."

பனையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அது சிமெண்டு சாக்குங்க. காத்துல போயி மாட்டிக்கிட்டுக் கெடக்கு."

சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. "எத்தன நாளா இப்புடி? இந்தக் கண்ணோடவா ராத்திரி டூட்டிக்குப் போறீங்க?"

பனையடியில் போய் நின்றேன். உச்சியில் சாக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. துல்லியமாகக் கேட்டது. நேற்றே இங்கு வந்து காதைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கிட்டே வர மனமில்லை, அவ்வளவுதான்.

இன்றும் ராத்திரி டூட்டி. சட்டை மாட்டியாச்சு. கைவிளக்கைத் தனம் எடுத்து வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நேரே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு, வேறு ஆளைப் போடச் சொல்ல.