மாறிப்போன போல்ட்

செவ்வாய், நவம்பர் 11

காலையில் பனிமூட்டம். மலை தெரியவில்லை, பேரீச்சை மரங்களில் பாதி தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

புதுப் பெட்டி வந்துவிட்டது. ஜெபல் அலி துறைமுகத்தில் மூன்று வாரம் கிடந்து, போலீஸ் முத்திரையோடு. ஆறு த்ரீ நாட் த்ரீ. எல்லாம் பட்டாளம் கழித்துவிட்ட ரைஃபிள், எழுபது எண்பது வயது. இத்தோடு அர்பாப்பிடம், எங்கள் முதலாளியிடம், நாற்பத்தொன்று.

நைனா இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். இங்கே ராஸ் அல் கைமாவில் அர்பாப்பின் தோட்டத்தில் இந்த ரைஃபிள்களுக்குக் காவலும் அவர்தான், வைத்தியமும் அவர்தான். கை இன்னும் கெட்டி. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரிவதில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். ஒரு வருஷமாக நம்பர் படிப்பது நான், ரெஜிஸ்டர் எழுதுவது நான், கையெழுத்து அவருடையது. எனக்கு அனுமதி அட்டை கிடையாது. ஸ்டோருக்குள் நான் கால் வைக்கவே கூடாது.

இன்று செய்தது: பழைய கிரீஸ் வழிப்பது. மண்ணெண்ணெய்க் குளியல். குழாய்க்குள் துண்டுத் துணி விட்டு இழுத்தது ஆறு முறை.

செய்யக்கூடாததும் செய்தேன். பின்னால் இழுத்துத் தள்ளுகிற போல்ட்தான் தோட்டாவை அடைத்துப் பூட்டுவது. ஒவ்வொன்றும் அதனதன் ரைஃபிளுக்கு அளவு பார்த்து அராவியது. அதனால் இரண்டிலும் ஒரே நம்பர். ஒன்றை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். நைனா தண்ணீர் லாரிக்காக வாசல் கேட்டுக்குப் போயிருந்தார். சீக்கிரம் முடித்துக் காட்டலாமென்று ஆறு போல்ட்டையும் ஒரே தட்டில் ஊறப் போட்டேன். துடைத்து முடிக்கும்போது வெளியே அர்பாப் குரல். கைக்கு வந்ததை வந்த ரைஃபிளில் தள்ளிவிட்டுப் பின்பக்கமாக ஓடிவிட்டேன்.

நாளை சரிபார்க்க வேண்டும். நைனாவிடம் சொல்லவில்லை.

புதன், 12

வெயில். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

அர்பாப் வெளியே போனதும் ஸ்டோருக்குப் போனேன். ரேக்கில் புதுப் பெட்டி ரைஃபிள்களில் ஐந்துதான் இருந்தன. பெட்டி வரிசையில் 1, 2, 3, 5 எல்லாம் சரி. 6-இல் 4-இன் போல்ட்.

அப்படியானால் 4-இல் 6-உடையது. 4 அங்கே இல்லை. நேற்று சாயங்காலமே அர்பாப் மஜ்லிஸுக்கு, வரவேற்புக் கூடத்துக்கு, எடுத்துப் போய்விட்டார், விருந்தாளிகளுக்குக் காட்ட. சனிக்கிழமை மரியம் அதில் சுடப் போகிறாள்.

மரியம் அர்பாப்பின் மகள். என் வயதுதான், பதினேழு. இந்த ஊரில் அம்மா நைனா தவிர நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள். அவளாகத்தான் வந்து பேசினாள், டிவி பார்த்துக் கற்ற ஹிந்தியில். ஒன்பதாவது முடித்து இங்கே வந்தபோது பள்ளிக்கூடத்தில் நேர்முகம் வைத்தார்கள். பேர் கேட்டார்கள். அதற்கே எனக்கு வாய் வரவில்லை. சேர்க்கவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

மாறின போல்ட் உள்ளே ஒழுங்காகப் போகும், பூட்டும். ஆனால் இடைவெளி அதிகமானால் சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு அடிப்பக்கம் பிய்ந்து, நெருப்பும் காற்றும் பின்னால் வரும். பின்னால் இருப்பது கண், கன்னம்.

ஒருவேளை அளவு பொருந்தியும் இருக்கலாம். தெரியாது.

வியாழன், 13

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். வயிற்று வலி என்றேன்.

அம்மா பெரிய வீட்டில் சமையல். மஜ்லிஸுக்குக் காபி கொண்டு போவது அவள்தான். அவளிடம் மட்டும் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற? நீயா மாத்துன?"

"தெரியாம, ம்மா. அத கொஞ்ச நேரம் இங்க எடுத்தாந்தா மாட்டிடுவேன்."

"துப்பாக்கிய நான் டிரேல வச்சி எடுத்தாரவா? காபி கப்பு பக்கத்துல?" வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "வாயத் தொறக்காத. நீ தொட்டன்னு தெரிஞ்சா நைனா வேல பூடும். விசா மூணு பேருக்கும் அர்பாப் கையில கீது. அந்தக் காலத்து இரும்பு, ஒண்ணும் ஆவாது."

சாயங்காலம் மரியம் வந்தாள். ஒரு கண்ணை மட்டும் மூடிப் பழகுகிறாள், முடியவில்லை, இரண்டும் மூடிக்கொள்கிறது. "சாச்சாக்கள் எல்லாம் சிரிப்பார்கள்" என்று அவளே சிரித்தாள். பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வருகிறார்களாம். என்னைப் பார்த்து, "தூ சுப் க்யோன் ஹை?" என்று கேட்டாள். ஏன் சும்மா இருக்கிறாய் என்று. எப்போதும் சும்மாதானே இருக்கிறேன் என்றேன்.

வெள்ளி, 14

மறுபடி பனி. பூனை குட்டி போட்டிருக்கிறது, பம்ப் அறையில். மூன்று.

காலையில் நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. பாதி கட்டின ஷூ லேஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எது எதுல போச்சி?"

"ஆறோடது நாலுல."

"நிச்சயமா?"

"நாலு தடவ பாத்தேன்."

சட்டை மாற்றிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனார். அரை மணியில் வந்துவிட்டார். ஒரு தடவை துடைத்துத் தருகிறேன் என்று கேட்டாராம். அர்பாப் விருந்தாளிகள் நடுவில் இருந்தாராம். ரெஜிஸ்டரில் எல்லாம் சரி என்று உன் கையெழுத்துதானே இருக்கிறது, அப்புறம் என்ன என்றாராம்.

"நீ இன்னா சொன்ன நைனா?"

"ஆமான்னேன்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நானும்தான் மூன்று நாள் சொல்லவில்லை.

அவர் யோசனை: சரியான போல்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போவது. எல்லோரும் காபி குடிக்கிற நேரம் ரைஃபிள் மேஜையில் இருக்கும். போல்ட்டை இழுத்து, அதன் தலையைத் தூக்கி, எடுத்து, மாற்றிப் போட எவ்வளவு நேரம்? செய்து காட்டினார். நான் எண்ணினேன். ஏழு.

"ஏழு எண்றதுக்குள்ள யார்னா திரும்புனா?"

மறுபடி செய்து காட்டினார். மறுபடி ஏழு.

சனி, 15

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஏழரை மணி. தோட்டத்துக்குப் பின்னால் வாதியில், காய்ந்த ஆற்றுப் பள்ளத்தில், மண்மேட்டுக்கு எதிரே மேஜை, பாய், காபி. ஆண்கள் ஆறு பேர், மரியம். காலிக் கூடு பொறுக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு, ஒரு வாளியோடு பின்னால் நின்றேன்.

ரைஃபிள் மேஜைக்கு வரவே இல்லை. மரியத்தின் பெரியப்பா மடியில் வைத்துக்கொண்டு பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். காபி முடிந்தது. நைனாவின் சட்டை இடுப்புப் பக்கம் புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது, வேறு யாரும் பார்க்கவில்லை.

அர்பாப், "யல்லா, மரியம்." வா, ஆரம்பி என்று.

நைனா முன்னால் போனார். முதல் ரவுண்டு ஆர்மரர், துப்பாக்கி பழுது பார்ப்பவர்தான் சுட வேண்டும், அது பட்டாளத்துச் சட்டம் என்றார். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக நான் கேட்டதில்லை. அர்பாப் தலையாட்டினார்.

தோளில் வைத்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா உரக்க, "ஹவில்தார்! கோலி உதர் ஹை, தூ கிதர் தேக்தா?" குண்டு அந்தப் பக்கம், நீ எங்கே பார்க்கிறாய் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கன்னத்தைக் கட்டையில் வைத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெடித்தது. திறந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். போல்ட்டை இழுத்தார், கூடு என் பக்கம் விழுந்தது. சூடு. அடியிலிருந்து ஒரு விரல்கடை மேலே சுற்றிலும் பளபளவென்று வளையம். ஓரிடத்தில் மயிரிழை விரிசல், நகம் மாட்டியது. பிய்வதற்கு முந்தின நிலை. அடுத்த குண்டில் பிய்யலாம், பத்தாவதில் பிய்யலாம்.

நைனா கை நீட்டி வாங்கித் தடவிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது தெரியாது. "எப்பிடி கீது பாப்பா?"

"வளையம் உழுந்திருக்கு நைனா. விரிசல் விட்டிருக்கு."

"கியா போலா?" என்றார் அர்பாப், என்ன சொன்னாள் என்று.

நைனா என்னைப் பார்க்கவில்லை. "குச் நஹி, அர்பாப். டீக் ஹை."

ஒன்றுமில்லை, சரியாக இருக்கிறது. அப்படித்தான் சொன்னார். என் நைனா.

மரியம் ரைஃபிளை வாங்கினாள். ஒரு தோட்டாவை வைத்துப் போல்ட்டைத் தள்ளினாள். கன்னத்தை வைத்தாள். ஒரு கண்ணை மூடப் பார்த்து இரண்டையும் மூடினாள்.

எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. வாளி உருண்ட சத்தம் கேட்டது. என் கை போல்ட்டின் மேல் இருந்தது, சூடாக இருந்தது.

"மத் சலாவ். போல்ட் இஸ்கா நஹி. மைனே பதல் தியா."

சுடாதே, போல்ட் இதனுடையது இல்லை, நான்தான் மாற்றினேன். ஆறு ஆண்கள் முன்னால். குரல் கீச்சென்று வந்தது.

மரியம் விரலை எடுத்து, ரைஃபிளை மண்மேட்டுப் பக்கமாகவே தாழ்த்தினாள். நைனா இடுப்பிலிருந்து சரியான போல்ட்டை உருவி மேஜைமேல் வைத்தார். காபி கப்புகளுக்கு நடுவில்.

"கலாஸ்" என்றார் அர்பாப், முடிந்தது என்று. எல்லோரும் வண்டிக்குப் போனார்கள்.

ஞாயிறு, 16

அம்மா தட்டை மட்டும் வைத்தாள்.

பத்து மணிக்கு அர்பாப் ஸ்டோருக்கு வந்தார். 4-ஐ மேஜையில் வைத்து, நம்பரைப் படி என்று நைனாவிடம் சொன்னார். நைனா ரைஃபிளைத் தொடவில்லை. "ஷூஃப் மாஃபி, அர்பாப்." பார்வை இல்லை. ஒரு வருஷத்தில் இதை வேறு ஆளிடம் அவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

அர்பாப் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். இந்த மாதக் கடைசியோடு போகலாம், மூன்று டிக்கெட்டும் அவரே போடுவார். அதற்கு முன் நாற்பத்தொன்றையும் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும்.

மரியம் வந்தாள். அந்தக் கூட்டைக் கேட்டாள். விரிசலில் நகத்தை வைத்து ஓட்டினாள். "மேரே முஹ் பே ஆதா?" என் முகத்தில் வந்திருக்குமா என்று.

"ஷாயத்." இருக்கலாம் என்றேன்.

கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கோபமா, என்ன என்று தெரியவில்லை.

மத்தியானம் நைனா, "நேத்து நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார். இட்லி ஆறுகிறது என்றேன்.

செவ்வாய், 18

காற்று. வாசலெல்லாம் மணல். பெட்டி இரண்டு கட்டியாகிவிட்டது. எண்ணெய் இன்னும் வாங்கவில்லை, இனி ஊரில்.

ஒப்படைப்பு. அர்பாப் ரெஜிஸ்டரோடு நாற்காலியில். நைனா ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "பாப்பா, சொல்லு" என்றார். நான் ரைஃபிள் நம்பர், போல்ட் நம்பர் இரண்டையும் ஹிந்தியில் படித்தேன். முதல் ஐந்தாறுக்கு அர்பாப் "ஸோர் ஸே", சத்தமாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். புதுப் பெட்டியின் 4 சரி. 6 சரி.

இருபத்து மூன்றாவது. ரைஃபிளில் ஒரு நம்பர், போல்ட்டில் வேறு. இது நான் மாற்றியது இல்லை, நான் வருவதற்கு முந்தினது. ரெஜிஸ்டரில் பொருந்துகிறது என்று நைனாவின் பழைய கையெழுத்து, கண் நன்றாக இருந்த காலத்துக் கையெழுத்து. அர்பாப் டிக் போடப் பேனாவை ஊன்றிவிட்டார். நைனா அடுத்த ரைஃபிளுக்குக் கை நீட்டிவிட்டார்.

"யே பீ இஸ்கா நஹி" என்றேன். இதுவும் இதனுடையது இல்லை.

அர்பாப் பேனாவைக் கீழே வைத்தார்.