மடங்காத விரல்

அன்ரி,

இன்று காலை மெட்ரோவில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து அமர்ந்தாள். கையுறைகளைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் போத்தலை எடுத்து விரல் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள். யாரென்று தெரியாது. அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை. அது நீங்கள் பூசும் அதே தைலத்தின் மணம். போய்விட்டவர்களின் மணம் எங்கிருந்தாவது வந்தால் மனம் இளகும் என்று எத்தனையோ இடத்தில் வாசித்திருக்கிறேன். எனக்கு இளகவில்லை. நான் பயந்தேன். அடுத்த நிலையத்திலேயே இறங்கி, மேடையிலிருந்த ஆசனத்தில் உட்கார்ந்து மூச்சைச் சரிசெய்துகொண்டேன். நூலகத்துக்கு வேலைக்குப் பிந்தித்தான் போனேன்.

உங்களை நினைத்தால் பயம்தான் முதலில் வருகிறது என்பது உங்களுக்கு நான் செய்யும் அநியாயம். வந்த புதிதில் இந்த ஊரில் எனக்குச் சோறு போட்டவர் நீங்கள். வாடகைக்கு வந்தவளைக் காய்ச்சலில் பார்த்துக்கொண்டவர். ஆனாலும் பங்குனியில் ஆஸ்பத்திரியில் நீங்கள் போனபோது அந்தப் பயம் உங்களோடு போய்விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வில்லரே பகுதியில் அந்த வீட்டின் முன்பக்கம் உங்கள் கடை, இங்கத்தைய ஆட்கள் டெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடை. பால், பாண், சிகரெட், லொத்தர் சீட்டு, ஒரு மூலையில் எங்கள் ஆட்களுக்காகக் கொஞ்சம் சிவப்பரிசியும் மிளகாய்த்தூளும். பின்பக்கம் உங்கள் குசினி. மேல் மாடியில் நான். வெளியே இருந்த இரும்புச் சுருள்படி மாரியில் வழுக்கும் என்று உள்படியாலேயே இறங்கி உங்கள் குசினிக்குள் வரச் சொன்னீர்கள். முதல் நாள் நான் கதவைத் தட்டியபோது உங்களுக்குக் கோபம் வந்தது.

"ஏன் தட்டுறாய்? தட்டிப்போட்டு வாறது பிறத்தி ஆக்கள். நீ திறந்துகொண்டு வா."

அதன்பிறகு நான் தட்டியதேயில்லை.

முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் கடைக்குள் வந்தது மார்கழி மாதத்தில், மாலை நாலரைக்கே இருட்டிவிடும் நாட்களில். ஒருவன் சிகரெட்டுகளை அள்ளினான். மற்றவன் கத்தியை ஒருமுறை காட்டிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, உங்கள் வலக்கையை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தான். மூட்டுவாதத்தில் வீங்கிய கை. நீங்கள் சத்தம் போடவில்லையாம். பொலிஸ்காரிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது கத்தியைப் பற்றி நீங்கள் அதிகம் பேசவில்லை. "என்ர நோகிற கையை அவன் பிடிச்சு வைச்சிருந்தவன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். சொற்கள் எல்லாம் தெரியும். அவளுக்கு விளங்கும்படி சொல்லத்தான் தெரியவில்லை.

ஒரு கிழமை கழித்து, இடியப்பம் அவிக்கும்போது கேட்டீர்கள். உரலை நான் அழுத்திக்கொண்டிருந்தேன். உங்கள் கைகளால் அதை அழுத்த முடியாமல் போய் வருடக் கணக்காகிவிட்டது.

"பிள்ளை, நீ எல்லாம் வாசிக்கிறனி. எனக்கொரு சின்னத் துவக்குப் பாத்துச் சொல்லு. என்ர கைக்கு ஏத்த மாதிரி."

துப்பாக்கியா என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அன்ரி, இஞ்ச அப்பிடி வாங்க ஏலாது."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது? முதல் எது நல்லதெண்டு பாப்பம். பேந்து ஏலுமோ ஏலாதோவெண்டு பாப்பம்."

"உங்களுக்குப் பயமில்லையா, அதைக் கையில வைச்சிருக்க?"

"ஊரில எல்லாரிட்டயும் துவக்கு இருந்தது. ஆமியிட்ட இருந்தது, இயக்கப் பெடியளிட்ட இருந்தது. எங்களிட்டத்தான் இல்லை. இல்லாதவைக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும். இருந்திருந்தா என்ன நடந்திருக்குமெண்டுதான் தெரியாது."

உங்களைச் சமாளிப்பதற்காக என்று நினைத்துக்கொண்டுதான் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க நானும் உள்ளே போய்விட்டேன். எதையும் ஆழமாக வாசிப்பது என் சுபாவம். கடை ஓய்ந்த பிற்பகல்களில் கல்லாவுக்குப் பின்னால் இரண்டு முக்காலிகளில் உட்கார்ந்து அமெரிக்கப் பெண்களின் வீடியோக்களைப் பார்த்தோம். உங்களைப் போலவே முறுகிய விரல்கள் கொண்ட ஒருத்தி, கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். சின்னது சுலபம் என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். இல்லையாம். சின்னதில்தான் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுப்பது கடினம், உள்ளே இருக்கும் சுருள்கம்பி விறைப்பு. சின்னதுதான் வெடிக்கும்போது கையில் அதிகம் உதைக்கும். குண்டறை சுழலும் வகையில் இழுக்க எதுவும் இல்லை, ஆனால் விசை இறுக்கம். குழல் மேலே திறந்துகொள்ளும் ஒரு வகை இருந்தது. குண்டை நேரே உள்ளே வைத்துவிடலாம். அதைப் பார்த்ததும் உங்கள் கண்கள் விரிந்தன.

"உது நல்லாயிருக்கு. பேணி திறக்கிற மாதிரி."

"அன்ரி, பேணியே நான்தானே திறந்து தாறன்."

"வாயை மூடு. அதென்ன, ரோசாப்பூ நிறத்தில ஒண்டு வைச்சிருக்கிறாள்? பெண்டுகளுக்கெண்டா எல்லாத்துக்கும் அந்த நிறம்தானோ?"

அன்று நன்றாகச் சிரித்தோம். ஆனால் அடுத்த நாள் நான் இறங்கி வந்தபோது, அடுப்பு மூட்டும் லைட்டரைக் கையில் பிடித்து, சுட்டுவிரலால் அதன் விசையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விரல் பாதி மடங்கியது, நின்றது. நடுவிரலால் முயன்றீர்கள். பிறகு மற்றக் கையின் பெருவிரலால். என்னைக் கண்டதும் லைட்டரைக் கீழே வைக்கவில்லை. "பழக்கந்தான்" என்றீர்கள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் விளையாட்டு உங்களுக்கு விளையாட்டாக இருக்கவில்லை என்று முதன்முறை விளங்கியது. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

அதனால்தான் உங்களைச் சென்ட் லோரன்ட் தெருவில் இருந்த அந்த வேட்டைச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனேன். இல்லை என்பதை விற்கிறவன் வாயாலேயே நீங்கள் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். பெரிய தாடிக்காரன், மரியாதையான மனிதன். கைத்துப்பாக்கி வாங்குவது சாதாரண ஆட்களுக்கு இப்போது முடியாது என்றான். முன்பும் கடையைக் காக்க என்று கேட்டால் கிடைத்திராது. நீங்கள் கேட்கிற மாதிரிக் குட்டைக் குழல் வைத்தவை அதற்கும் முன்பே தடை. எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டினீர்கள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கைகாட்டி, "அது?" என்றீர்கள். அது வாயுவால் சின்ன உருண்டைகளைத் தள்ளும் துப்பாக்கி. தகரப் பேணிகளைச் சுட்டுப் பழக. பார்வைக்கு அசல்போலவே இருந்தது. "மதாம், இதை ஒருவரிடம் நீட்டினால் அவர் உண்மை என்றுதான் நினைப்பார், பொலிஸும் அப்படித்தான் நினைக்கும். வேண்டாம்" என்றான். நீங்கள் "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தீர்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். முடிந்தது என்று நான் நினைத்தேன்.

தை மாதத்தில், விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்த நாள் அது. மதியத்துக்கே மின்சாரம் போய்விட்டது. வீடு குளிர்ந்துகொண்டே வந்தது. மின்சாரம் போகுமுன் ஊற்றி வைத்திருந்த தேநீர் பிளாஸ்க்கில் இருந்தது. குளிருக்கு ஜக்கெற்றைப் போட்டு, தொப்பியை இழுத்து, சால்வையைக் கண் மட்டும் தெரியச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் உங்களுக்கென்று ஒரு போர்வையோடு உள்படியால் இறங்கினேன். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் முழங்கையால் கைபிடியை அழுத்தித் திறந்தேன். தட்டவில்லை. தட்டுவது பிறத்தி ஆக்கள்.

யன்னலுக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறம். குளிர்பெட்டியோடு ஒட்டி நின்றீர்கள். இரண்டு கைகளும் முன்னே நீட்டியிருந்தன.

"ஆர்?"

நான் என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைத்து இன்னும் ஒரு அடி வைத்தேன்.

"ஆரது? ஆர்?"

அப்போதுதான் கையில் இருந்ததைக் கண்டேன். அதன் துளை என் முகத்துக்கு நேரே இருந்தது. என் வாய் சால்வைக்குள் திறந்தது, குரல் வரவில்லை. பயந்தால் ஓடுவார்கள், கத்துவார்கள் என்று கதைகளில் எழுதுகிறார்கள். நான் உங்கள் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது விசை வளையத்துக்குள் ஒரு குச்சிபோல நேராக நின்றது. மற்றக் கையின் பெருவிரல் அதன் மேல் ஏறி வழுக்கியது. மறுபடி ஏறியது. உங்கள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தன.

பிளாஸ்க் என் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் குரல் வந்தது.

"அன்ரி. நான், அன்ரி."

நீங்கள் அதைத் தாழ்த்தக் கொஞ்ச நேரம் எடுத்தது. மேசையில் வைத்தீர்கள். கதிரையில் உட்கார்ந்தீர்கள். தேநீர் தரையெல்லாம் ஓடியது, யாரும் துடைக்கவில்லை.

"உது அந்தக் கடையில கண்டது பிள்ளை. பேந்து தனியப் போய் வாங்கினனான், அந்தத் தாடிக்காரன் நிக்காத நேரம். உருண்டை போடுறது. உயிர் போகாது."

நான் முகத்திலிருந்து சால்வையை அவிழ்த்தேன்.

"நான் அமத்தினனான்" என்றீர்கள்.

"என்ன?"

"அமத்தினனான் பிள்ளை. விரல் வரேல்லை." உங்கள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "உது சும்மாத் துவக்கெண்டு அந்த நேரம் எனக்கு நினைவில்லை. உண்மையானதெண்டு நினைச்சுத்தான் அமத்தினனான்."

கண்ணில் பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்பதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் யோசித்தது வேறு. நாங்கள் இருவரும் தேடியது கிடைத்திருந்தால். இழுக்க இலகுவானது, விசை இளகியது, நோகிற கைக்கு என்றே செய்தது. அதைத்தான் அத்தனை பிற்பகல்கள் சிரித்துச் சிரித்துத் தேடினோம்.

அடுத்த கிழமை அதைத் தாடிக்காரனிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கடைக் கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் பூட்டுப் போட்டோம், உள்ளங்கையால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தானோடு. அதன்பிறகு நான் மேல்படியில் நின்றே "அன்ரி, நான்" என்று சொல்வேன். நீங்கள் "வா" என்று சொன்ன பிறகுதான் இறங்குவேன். எங்களுக்குள் யாரும் அப்படிச் செய்வதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஒரே ஒரு தடவை பேசினீர்கள், ஆஸ்பத்திரியில். மூச்சு இரைத்தது. கைகள் விரிப்பின் மேல் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னீர்கள்: "இந்தக் கையைத் திட்டாத நாளில்லை பிள்ளை. அண்டைக்கு மட்டும் திட்டேல்லை."

நான் உங்கள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடிக்கவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். போன கிழமை ஒரு நாள், வேலையால் வந்து பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்படியில் காலடி கேட்டது. என் கதவின் கைபிடி திரும்பியது. நான் பூட்ட மறந்திருந்தேன். கதவு திறந்தது. ஊத்தைத் துணிக் கூடையோடு கீழ்வீட்டுப் பெண் நின்றாள். துணி தோய்க்கிற அறை மேலே என்று நினைத்தாளாம். "பார்தோன், பார்தோன்" என்று சிரித்தாள். நானும் சிரித்து, அது நிலவறையில் என்று சொன்னேன். அவள் என் வலக்கையைப் பார்க்கவில்லை. அதை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவள் போனபின் கதவைப் பூட்டிவிட்டுக் கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். கத்திப்பிடியைச் சுற்றி ஐந்து விரலும் நன்றாக மடங்கி இருந்தன, அன்ரி. ஒன்றிலும் நோவில்லை.