கமலவேணிக்கு முன் பெஞ்சில் ஓர் இடம்

அனுப்புநர்:
மு. சேதுபதி,
பஸ் கண்டக்டர்,
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்:
தமிழ்ப் பள்ளிகளின் ஆய்வாளர் அவர்கள்,
கல்வி அலுவலகம், மலாக்கா.

பொருள்: காது கேளாததுபோல் நடிப்பதாகக் கூறி என் மகளைப் பள்ளியிலிருந்து நீக்கவிருப்பது குறித்து.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வட்டாரத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் கமலவேணி எனக்கு ஒரே மகள். அவளுக்கு வயது எட்டு, வாய்க்கு எண்பது. அவளோடு வாதாடி நானோ என் மனைவி அஞ்சலையோ வென்றதில்லை. இப்படிப்பட்டவள் வகுப்பில் கேள்வி கேட்டால் விழிக்கிறாளாம். ஜனவரி முதல் அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

2. கைக்குழந்தையாக இருந்தது முதல் மூன்று வயதுவரை அவளுக்கு அடிக்கடி காதில் சீழ் வடிந்தது. அஞ்சலை பஞ்சும் கையுமாகவே இருந்தாள். பிறகு குணமாயிற்று. ஆனால், அந்த வயதில் காது அடைத்துக் கிடந்த பிள்ளைகள் சிலருக்குப் பிற்பாடு இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவது சிரமமாக இருக்கலாம் என்று டாக்டர் இப்போது சொல்கிறார்.

3. பள்ளியிலோ தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள். ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் செய்யுள், மேலே தகரக் கூரையில் மழை. கடைசிப் பெஞ்சில் இருக்கும் என் மகள், "எல்லாரும் ஒரே வாயால பேசுற மாதிரி இருக்குப்பா" என்கிறாள்.

4. ஐஸ்காரர் மணி மட்டும் எப்படிக் கேட்கிறது என்கிறார் தலைமையாசிரியர். நியாயமான கேள்விதான். மணியோசையில் விளங்கிக்கொள்ள எதுவும் இல்லை, ஐயா. தவிர, ஐஸ் என்றால் என் மகளுக்கு மூக்குக்கூடக் கேட்கும் என்பதை நான் மறைக்கவில்லை.

5. செப்டம்பரில் கூரையைப் பழுதுபார்த்தபோது, ஆசிரியை சிவகாமசுந்தரி இவள் வகுப்பை மட்டும் கோயில் கொட்டகையில் நடத்தினார். அங்கே முதலில் கை தூக்கியவள் கமலவேணிதான் என்று அவரே சொன்னார். மண்டபத்துக்குத் திரும்பியதும் பழைய கதைதான். தலைமையாசிரியர் அவளைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தார்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் வீட்டிலும், விளங்காததை அவள் திருப்பிக் கேட்பதில்லை, சிரித்துத் தலையாட்டிவிடுகிறாள். சென்ற வாரம் மழையில், "மீனா, கோழியா, எது வேணும்?" என்று அஞ்சலை கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள். அஞ்சலை அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஆகவே, கமலவேணியை நீக்காமல், ஆசிரியையின் முகம் தெரியும்படி முன் பெஞ்சில் உட்கார வைக்கவும், மண்டபத்துக்குப் பலகைத் தடுப்புப் போடவும் உத்தரவிட வேண்டுகிறேன். ஆணியடிக்க நானே வருகிறேன். தாங்கள் நேரில் வந்து அமைதியான இடத்தில் அவளைச் சோதித்தால் இன்னும் மகிழ்வேன். அப்போது அவள் எதிர்த்துப் பேசினால் பொறுத்தருள வேண்டும். அதை மறுபடியும் கேட்கத்தான் இந்த மனுவே எழுதுகிறேன்.

இடம்: மலாக்கா
நாள்: 18.11.1957

தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்,
மு. சேதுபதி
(கமலவேணியின் தகப்பன்)